சோழவந்தான் பக்கம் ஒரு ஐரோப்பா

கொழும்பு அச்சகத்து முதலாளி என்னை மதுரைக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், நான் இல்லாவிட்டாலும் கொழும்பில் வேலை நடக்கும் என்பதுதான். "மதுரையில பழைய அச்செழுத்து நாலு பெட்டி விலைக்கு வருதாம். தேஞ்சிருக்கா இல்லையான்னு பாத்து வாங்கிட்டு வா. போன இடத்துல கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார். எழுத்தைப் பார்த்தேன், வாங்கினேன். மூன்றாவதுதான் முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்து நாள். ஆறாம் நாள் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பிறகு அச்சுக் கோக்கிற கம்பாசிட்டர் வேலைக்குப் போய், ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் படிக்கக் கற்றேன். அச்செழுத்து இடம் வலம் மாறி இருக்கும். ஆகவே கடைப் பலகையை நேராகப் படிக்க எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட நேரம் ஆகும். மதுரையில் இறங்கியதும் சாப்பாட்டுக் கடை என்று நினைத்துச் சவரக் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வர வெட்கமாக இருந்தது. முகத்தை மழித்துக்கொண்டு பசியோடு வெளியே வந்தேன்.

அம்மாவும் அப்பாவும் இந்தப் பக்கத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குப் பிழைக்கப் போனவர்கள். எனக்கு மதுரைப் பேச்சு தெரியும், மதுரை தெரியாது. டீக்கடையில் "ஒரு தேத்தண்ணி" என்றேன். கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார். "அது எந்த ஊருத் தண்ணிண்ணே? இங்கன வைகைத் தண்ணிதான்." பக்கத்தில் ஒருவர் பித்தளைத் தவலையில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார். சூடாகவும் இனிப்பாகவும் சுக்கு மணத்தோடும் இருந்தது. மூன்று டம்ளர் குடித்தேன். பருத்தியை எங்கள் ஊரில் உடுத்துகிறார்கள், இங்கே குடிக்கிறார்கள்.

இட்லியும் அப்படித்தான். கொழும்பில் இடியப்பத்துக்கு ஒரு சம்பல் என்றால் பேச்சு முடிந்தது. இங்கே இட்லி வருமுன் சட்னி வந்து இலையைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளை, சிவப்பு, பச்சை, பிறகு நிறம் சொல்ல முடியாத ஒன்று. நான்கு சட்னிக்கு நடுவே இரண்டு இட்லி, எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் வெளுத்துப்போய் இருந்தன.

ஜட்கா வண்டியில் ஏறினேன். குதிரை பத்தடி போகும், நிற்கும். பத்தடி போகும், நிற்கும். "என்னண்ணே, குதிரைக்குச் சீக்கா?" என்று கேட்டேன். "சீக்கெல்லாம் இல்ல. நான் பொடி வாங்குற கடை, சோடா குடிக்கிற கடை எல்லாம் அதுக்குத் தெரியும். பழகிப்போச்சு" என்றார் வண்டிக்காரர். இறங்கி நடந்து தெற்கு மாசி வீதிச் சந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் வண்டியும் வந்து சேர்ந்தது.

எழுத்து விற்கிற அச்சகத்தின் வாசலில் 'பொடிமட்டை' என்று பலகை தொங்கியது. மூக்குப்பொடிக் கடை இல்லை என்று எழுத்துக் கூட்டி உறுதி செய்துகொண்டு உள்ளே போனேன். அது ஒரு வாரப் பத்திரிகை. படிக்கிறவன் தும்ம வேண்டும் என்பதற்காக வைத்த பெயராம். நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஆசிரியர் அழகர்சாமி பழங்காநத்தத்திலிருந்து தினமும் நடந்தே வருவார். ஒல்லியான ஆள். பேசினால் எதிரே பார்லிமெண்டே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். காதர் பாய், பத்திரிகைப் படங்களை மரக்கட்டையில் செதுக்குகிறவர். பெரிய உடம்பு, சின்ன உளி, அதைவிடச் சின்னப் பேச்சு.

ஐரோப்பாவில் சண்டை வரும், வராது என்று உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த புரட்டாசி மாதம் அது. ஜெர்மனி பக்கத்துச் சின்ன நாட்டின் மேல் கை வைத்திருந்தது. பெரிய நாடுகள் கூடிக் கூடிப் பேசின. 'பொடிமட்டை'யின் வழக்கம், உலக சமாசாரம் எதுவானாலும் நம் பக்கத்து ஆட்களாக்கிவிடுவது. ஜெர்மனிக்கு மண்வெட்டி கொடுப்பார்கள், பிரான்சுக்கு வெற்றிலைச் செல்லம் கொடுப்பார்கள்.

"பாய், இத்தாலிக்கு என்ன செய்யப் போறீக?" என்று கேட்டார் அழகர்சாமி.

"போன வருசத்துப் பயில்வான் கட்டை ஒண்ணு கிடக்கு. தலைப்பாவைச் செதுக்கி எடுத்துட்டா இத்தாலி."

"ரஷ்யா?"

"ரஷ்யாவுக்குக் கட்டை இல்ல. முதுகைக் காட்டி நிக்க வச்சிருவோம்."

இந்த மாதிரி ஒரு வெளிநாட்டு இலாகாவை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஊர் திரும்ப மனமில்லாமல் அங்கேயே வளைய வந்தேன்.

மூன்றாம் நாள் அவர்களுடைய கம்பாசிட்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பத்திரிகை சாயங்கால ரயிலுக்குப் போயாக வேண்டும். "நான் அச்சுக் கோக்குறேண்ணே" என்று முன்னால் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. கொழும்புக் கைவேகத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு நினைப்பு.

கட்டுரைக்குப் பெயர் 'வரப்பு மகாநாடு'. ஒருவன் பக்கத்துக்காரன் வரப்பைத் தினம் ஒரு சாண் வெட்டுவான். கேட்டால், இதுதான் கடைசிச் சாண் என்பான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, இனி வெட்டமாட்டேன் என்று அவனிடமே எழுதி வாங்கிக்கொண்டு, சமாதானம் வந்துவிட்டது என்று தண்டோரா போடுவார்கள். படித்துக்கொண்டே கோத்ததில் சிரிப்பு வந்து இரண்டு முறை எழுத்தைக் கீழே கொட்டினேன்.

முதல் பத்தியில் ஒரு வரி குறைந்தது. வரி குறைந்தால் எழுத்தில்லாத வெற்று ஈயக்கட்டை வைத்து அடைப்பது எங்கள் தொழில் வழக்கம். வெற்றுக்கட்டை தீர்ந்துபோயிருந்தது. கம்பாசிட்டர்கள் இந்த மாதிரி நேரத்தில் பொருள் கெடாமல் ஒரு சொல்லைச் செருகிவிடுவார்கள். எழுதினவர்களுக்கே தெரியாது. விவசாயியைக் குறித்து 'ஒரு சம்சாரி' என்று இருந்தது. காலையில் வெற்றிலை விற்ற அம்மாள் "சோழவந்தான் கொழுந்துய்யா, வாயில வச்சா கரையும்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. 'சோழவந்தான் பக்கம் ஒரு சம்சாரி' என்று ஆக்கினேன். வரி கச்சிதமாக நிரம்பியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிழை பார்க்க வேண்டிய இருவரும், இங்கிலாந்து சண்டைக்கு வருமா வராதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை அப்படியே ரயில் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில், தோளில் துண்டும் கையில் மடித்த 'பொடிமட்டை'யுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். நல்ல உயரம். உள்ளே வரக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இதை எழுதுனது யாருய்யா?"

"நான்தான். வாங்க, உக்காருங்க" என்றார் அழகர்சாமி.

"உக்கார வரல. என் பேரு மாயாண்டி. சோழவந்தான்ல வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கேன். ஒரு சாண் வரப்பை வெட்டுனது வாஸ்தவம். என் மச்சான் தவசி நெலத்து வரப்பு. ரெண்டு பாத்தி வெத்தலைக்கொடி தண்ணியில்லாம வாடுச்சு. எம்மக பேச்சி கல்யாணத்துக்குன்னு விட்டிருந்த எல. வாய்க்காலை அகலப்படுத்தத்தான் வெட்டுனேன். அதுக்குப் பத்திரிக்கையில போடுவீகளா? உங்க பத்திரிக்கையில மண்வெட்டிக்காரன்னா ஜெர்மனியாம், இப்ப ஊரே என் வீட்டை ஜெர்மனி வீடுங்குது."

காதர் பாயின் உளி நின்றது. மாயாண்டி சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. தவசி, மாயாண்டி மனைவியின் அண்ணன். தவசி மகனுக்குத்தான் பேச்சியைப் பேசியிருந்தார்கள், ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். தவசிதான் மதுரைக்கு வந்து பத்திரிகையில் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று மாயாண்டி நினைக்கிறார். மதுரை வரை சிரிக்கிற வீட்டில் பெண் எடுக்கமாட்டேன் என்று தவசி சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றுபோனது.

"அது ஐரோப்பா சங்கதிங்க. சோழவந்தான்னு நான் எழுதவே இல்லையே" என்று பத்திரிகையை வாங்கிப் பார்த்த அழகர்சாமி, தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, தரையில் கிடக்காத எழுத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "தப்பு எங்க பேர்லதான். நாளைக்கு வெள்ளனே நாங்களே ஊருக்கு வாரோம்" என்றார். மாயாண்டி போன பிறகு காதர் பாய் என்னருகில் வந்து குனிந்தார். "தம்பி, மாஃப் பண்ணுங்கன்னு மன்னிப்புக் கேக்குறது ஒண்ணும் கஷ்டமில்ல. நான் பெரிய மனுசங்ககிட்டப் பல தடவை கேட்டிருக்கேன். சின்ன மனுசங்ககிட்டக் கேக்கத்தான் நாக்கு வராது."

மறுநாள் காலை ரயில். மதுரை ஸ்டேஷனில் இரண்டு வெள்ளைக்காரர்கள் முகம் சிவக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை வந்துவிட்டது என்றே நினைத்தேன். "என்னண்ணே சொல்றாக?" என்று கேட்டேன். அழகர்சாமி காது கொடுத்துக் கேட்டுத் தமிழில் சொன்னார். "'நேற்று வாங்கிய சோடா சூடாக இருந்தது. இன்றைக்கும் சூடாகத்தான் இருக்கிறது. இந்தத் தேசத்தை எப்படித்தான் ஆள்வது?' இம்புட்டுத்தான்."

ரயிலில் அழகர்சாமியும் காதர் பாயும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். "இங்கிலாந்து கையெழுத்துப் போட்டா அது கல்வெட்டு பாய்" என்றார் ஒருவர். "இந்தக் கல்வெட்டைத் தண்ணியில வெட்டிருக்காக" என்றார் மற்றவர். கோழிக்கூடையோடு எதிரே இருந்த பெரியவர் வெகுநேரம் கேட்டுவிட்டு, "ஜெர்மனிங்கிறவுக எந்தப் பக்கத்து ஆளுக? வாடிப்பட்டியா?" என்று கேட்டார். அவருக்குப் பூகோளம் சொல்லி முடிக்கும்போது வண்டி நின்றது. எட்டிப் பார்த்தால் நிஜமாகவே வாடிப்பட்டி. சோழவந்தானைத் தாண்டி வந்துவிட்டோம். உலகத்தின் எல்லைக்கோடுகளெல்லாம் தெரிந்த மூன்று பேருக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் தெரியவில்லை.

வைக்கோல் ஏற்றின மாட்டுவண்டி ஒன்று சோழவந்தான் பக்கம் திரும்பிப் போனது. அதன்மேல் ஏறினோம். காதர் பாய் ஏறியதும் வண்டி பின்பக்கம் சாய்ந்து, மாடுகளின் முன்னங்கால் ஒரு விரற்கடை எழும்பியது. வழியெல்லாம் நெல்லும் தென்னையும். மண் மட்டும் கொழும்பு மாதிரி சிவப்பில்லை. ஊருக்குள் ஒரு பெண்ணிடம் மாயாண்டி வீடு எது என்று கேட்டேன். "ஜெர்மனி வீடா? நேரா போங்க" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அந்த வீட்டுப் பெயர் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வைக்கோலுக்குள் புதைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

வீட்டை ஒட்டியிருந்த கொடிக்கால் வாசலில் மாயாண்டி என் காலைப் பார்த்தார். கொழும்பில் வாங்கிய பூட்ஸ். "கொடிக்காலுக்குள்ள செருப்பு போகக்கூடாதுய்யா." கழற்றினேன். உள்ளே அகத்தி மரங்களின் மேல் கொடி படர்ந்து, பகலிலேயே பச்சையாக ஒரு இருட்டு. கால் குளிர்ந்தது. இந்த இலையின் பேரைச் சொல்லித்தான் இவ்வளவு கெடுதல் செய்தேன் என்று நினைக்க, மெல்ல நடந்தேன்.

வாய்க்கால் கரையில் தவசி உட்கார்ந்திருந்தார். குட்டையான மனிதர், முறுக்கின மீசை. ஊரில் நியாயம் பேசக் கூப்பிட்டால் வெற்றிலை பாக்கு கையில் கொடுத்துத்தான் கூப்பிடுவார்களாம். வாங்கிக்கொண்டால்தான் பேச வரலாம், முடிவுக்கும் கட்டுப்பட வேண்டும். அந்தக் காலையில் தவசிக்கும் மாயாண்டி வெற்றிலை வைத்திருந்தார். எங்களுக்கும் வைத்தார். தவசி மாயாண்டியின் பக்கம் திரும்பவில்லை.

"ஒரு சாண் எனக்குப் பெருசில்ல" என்றார் எங்களிடம். "கேட்டிருந்தா ஒரு முழம் விட்டிருப்பேன். எந்தங்கச்சி புருசன். மதுரை வரைக்கும் போயிருச்சே, அதான்."

"நீங்கதான மச்சான் போயிச் சொன்னீக?" என்றார் மாயாண்டி.

"நானா? எனக்கு மதுரையில மாட்டுத்தாவணிச் சந்தையத் தவிர எதுவும் தெரியாது."

இனி ஒளிய இடமில்லை. வெறுங்காலோடு முன்னால் போனேன். "யாரும் சொல்லலண்ணே. நான்தான். அச்சுக் கோத்தப்ப வரி ரொம்பல. வாயில வெத்தல இருந்துச்சு, அந்த ஊருப் பேரை எடுத்து ரொப்பிட்டேன். உங்க ரெண்டு பேரையும் எனக்கு யாருன்னே தெரியாது."

தவசி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "உன் வரிய ரொப்புறதுக்கு என் சம்பந்தத்தையாய்யா புடுங்கிப் போட்ட?"

எந்தக் கேள்விக்கும் ஒரு குறும்பு வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு அது 'மன்னிச்சுருங்கண்ணே' என்று மட்டும் சொன்னது.

"அப்ப வரப்பு வெட்டுனது யாருன்னு எழுதுனீக?" என்று தவசி அழகர்சாமியைக் கேட்டார். அவர் ஈர மண்ணில் குச்சியால் கோடு கிழித்தார். இது ஜெர்மனி, இது சின்ன நாடு, இது இங்கிலாந்து. நான்கு பெரிய நாடுகள் ஒரு அறையில் உட்கார்ந்து, சின்ன நாட்டில் எவ்வளவு வெட்டிக் கொடுப்பது என்று பேசியதைச் சொன்னார். தவசி கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டுக்கு அருகில் நகர்ந்து வந்தார். மாயாண்டியும் வந்து குந்தினார்.

"அந்தச் சின்ன நாட்டு ஆளு என்ன சொன்னாரு?" என்றார் தவசி.

"அவரை உள்ள விடலண்ணே. வெளிய காக்க வச்சாக. முடிவு பண்ணிட்டுக் காயிதத்தைக் கையில குடுத்தாக."

"வெத்தல வைக்கலையா?"

"அங்கெல்லாம் வெத்தல கிடையாது."

தவசி மீசையிலிருந்து கையை எடுத்தார். "அவரு தோட்டத்தைப் பத்தி அவரைக் கூப்பிடாமப் பேசுனா அது என்ன நியாயம்? களவுல்ல அது?"

"மச்சான் சொல்றது சரி" என்றார் மாயாண்டி. பத்து நாளில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"அப்ப எனக்கு யாரு வெத்தல வச்சா?"

கொடிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. இலைக் கட்டைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் வெளியே வந்தாள். சொல்லாமலே பேச்சி என்று தெரிந்தது. அப்பாவின் உயரம்.

"பத்து நாளா கல்யாணம் நடக்கும், நடக்காதுன்னு பேசுறீக. அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், மதுரையிலருந்து மூணு பேரு. யாராவது என்னையக் கூப்பிட்டீகளா? அந்தச் சின்ன ஆளாட்டம் என்னையும் வெளியதான வச்சிருக்கீக."

தவசி மண்ணிலிருந்த கோடுகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, இலைக் கட்டிலிருந்து இரண்டு கொழுந்து எடுத்து, மடியிலிருந்து பாக்கு எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "தப்புதான் தாயி. வா, வந்து உக்காரு."

பேச்சி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். உட்கார்ந்ததும் முதலில் கரைக்கு அப்பாலிருந்த வைக்கோல்போர்ப் பக்கம் திரும்பினாள். "மச்சான், வேட்டி தெரியுது. இங்கிட்டு வாங்க."

தவசியின் மகன் தலையில் வைக்கோலோடு வெளிப்பட்டான்.

"என்னையக் கட்டிக்கிற இஷ்டமா உங்களுக்கு?"

"ம்."

"சத்தமா."

"இஷ்டந்தான்" என்றான். கொடிக்கால் முழுக்கக் கேட்டது.

மற்றதையெல்லாம் பேச்சியே சொல்லி அரை மணியில் முடித்தாள். அப்பா வரப்பை மறுபடி அணைத்துக் கட்ட வேண்டும். மாமா வாரத்தில் ஒரு தடவை தண்ணீரைக் கொடிக்காலுக்குக் கூடுதலாக விட வேண்டும். கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும், கேட்டால் விட வேண்டும். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, ஊருப் பேரை நீங்கதான வச்சீக? நீங்களே எடுத்துருங்க." எனக்குத் தெரிந்த எந்த மகாநாட்டிலும் இவ்வளவு சின்ன உடன்படிக்கை ஆகியிருக்காது.

அந்த வார 'பொடிமட்டை'யில் நானே கோத்தேன். 'முன் இதழ் ஒன்றில் சோழவந்தான் பக்கம் என்று வந்திருப்பதை ஐரோப்பா பக்கம் என்று திருத்திப் படிக்கவும். சோழவந்தான் பக்கம் வரப்புகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன.' அழகர்சாமியும் காதர் பாயும் நான்கு முறை பிழை பார்த்தார்கள். வேறு எதையும் பற்றி அன்றைக்குப் பேசவில்லை.

ஐப்பசியில் கல்யாணம். முதலாளிக்கு, எழுத்து இன்னும் எண்ணி முடியவில்லை என்று தந்தி கொடுத்துவிட்டு இருந்தேன். எங்கள் மூவருக்கும் முன்பந்தியில் இலை போட்டார்கள். மாயாண்டி காப்பாற்றிய இரண்டு பாத்தி இலைதான் தாம்பூலத் தட்டில் அடுக்கியிருந்தது. பச்சை நரம்பு தெரிகிற கொழுந்து.

தாலி கட்டியானதும் தவசி தட்டோடு வந்து ஜமுக்காளத்தில் எங்களோடு உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு தாம்பூலம் கொடுத்தார். பிறகு அழகர்சாமியின் பக்கம் சாய்ந்து, "அந்தச் சின்ன ஆளு என்ன ஆனாரு?" என்று மெல்லக் கேட்டார்.

அழகர்சாமி கையிலிருந்த வெற்றிலையைத் திருப்பிப் பார்த்தார். "வெட்டுனது வெட்டுனதுதாண்ணே. பட்டாளம் உள்ள வந்துருச்சு. மிச்சமும் நிக்காதுங்கிறாக."

தவசி தட்டை அருகில் இழுத்தார். தட்டிலிருந்து நல்லதாக இரண்டு இலை பார்த்து எடுத்தார். காம்பைக் கிள்ளி, பாக்கு வைத்து, தம் பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் வைத்தார்.

யாரோ வந்து அங்கே உட்காரப் போனார்கள்.

"அங்கன வேணாம்ப்பா. ஆளு இருக்கு" என்றார் தவசி.